நிலவியல் கால அட்டவணையும் நாம் வாழும் குவாட்டர்னரி காலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் பாடத்தில் இந்த அட்டவணை ஒரு பெயர்ப் பட்டியலாக வந்துபோகிறது. கேம்பிரியன், டெவோனியன், ஜுராசிக் என்று மனப்பாடம் செய்கிறோம். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். அந்தப் பட்டியலின் எல்லைக்கோடுகளுக்குப் பின்னால் பூமியில் நிஜமான இடங்களும், அவற்றைப் பற்றிப் பல்லாண்டுகள் நடந்த வாதங்களும் இருக்கின்றன. அவற்றைச் சொல்லாமல் பெயர்களை மட்டும் சொல்லிக்கொடுப்பதால்தான் பாடம் வறண்டுபோகிறது. மாணவர்களும் ஆசிரியர்களும் ஆர்வலர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, நாம் இன்று வாழ்ந்துகொண்டிருக்கும் குவாட்டர்னரி காலத்துக்குக் கூடுதல் இடம் கொடுத்து இந்தப் பக்கத்தை எழுதியிருக்கிறேன்.

நிலவியல் கால அட்டவணை என்றால் என்ன?

பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டுகள். அந்த நீண்ட வரலாற்றைப் பாறைகளில் கிடைக்கும் சான்றுகளைக் கொண்டு பகுத்துக் காட்டுவதே நிலவியல் கால அட்டவணை. பெரிய பிரிவு பேரூழி, அதற்குள் ஊழி, ஊழிக்குள் காலம், காலத்துக்குள் உட்காலம், உட்காலத்துக்குள் நிலை. தமிழ்ப் பாடநூல்களுக்கிடையே இச்சொற்கள் சற்று மாறுபடும். இங்கே இந்த வரிசையையே கடைப்பிடிக்கிறேன்.

பேரூழிகள் நான்கு: ஹேடியன், ஆர்க்கியன், புரோட்டெரோசோயிக், ஃபனரோசோயிக். முதல் மூன்றும் சேர்ந்து பூமி வரலாற்றில் பத்தில் ஒன்பது பங்கு நீளம். கடைசியான ஃபனரோசோயிக் 53.88 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. பேலியோசோயிக், மீசோசோயிக், சீனோசோயிக் என்று அதில் மூன்று ஊழிகள். டைனோசர்கள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்ததோடு மீசோசோயிக் முடிந்து சீனோசோயிக் தொடங்கியது. சீனோசோயிக்கில் பேலியோஜீன், நியோஜீன், குவாட்டர்னரி என மூன்று காலங்கள். பழைய புத்தகங்களில் டெர்ஷியரி என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். முறையான அட்டவணையில் இப்போது அது இல்லை.

பிரிவுகள் ஏன் சம நீளமாக இல்லை?

பாறையில் தெரியும் மாற்றங்கள் சம இடைவெளியில் நிகழவில்லை என்பதால்தான். ஓர் உயிரினக் கூட்டம் அற்றுப்போன இடம், புதியது ஒன்று தோன்றிய இடம், பூமியின் காந்தப்புலம் திசை மாறிய இடம், தட்பவெப்பம் சட்டென்று புரண்ட இடம் என்று பாறையிலேயே தடம் உள்ள இடங்களில் கோடு போடுகிறார்கள். கிரெட்டேஷியஸ் காலம் ஏறத்தாழ 7.7 கோடி ஆண்டுகள் நீண்டது. குவாட்டர்னரியின் நீளம் இதுவரை 25.8 லட்சம் ஆண்டுகள்தான். அண்மைக் காலத்தின் படிவுகள் அதிகம் அழியாமல் இருப்பதால் அங்கே நுணுக்கமாகப் பிரிக்க முடிகிறது என்பதும் ஒரு காரணம்.

இந்த எண்களை மனத்தில் வாங்கிக்கொள்ள வழி உண்டா?

சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சாலை வழியே ஏறத்தாழ 700 கிலோமீட்டர். பூமி பிறந்தது சென்னையில், இன்றைய நாள் குமரிமுனையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கும்போது பயணம் திருச்சிக்கு வந்திருக்கும். மேலோடும் காலும் கண்ணும் கொண்ட விலங்குகள் கடலில் பெருகிய கேம்பிரியன் காலம் திருநெல்வேலி அருகே வரும். சுசீந்திரத்தைத் தாண்டிய பிறகுதான் டைனோசர்கள் அழியும். குவாட்டர்னரி முழுவதும் கடைசி 400 மீட்டர். வேளாண்மை, ஊர்கள், எழுத்து, நாம் வரலாறு என்று அழைக்கும் எல்லாமும் அடங்கிய ஹோலோசீன் கடைசி 1.8 மீட்டர். எண்பது ஆண்டு மனித வாழ்வு ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும்.

எல்லைகளை யார் முடிவு செய்கிறார்கள்?

பன்னாட்டு நிலவியல் அறிவியல் ஒன்றியத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டு அடுக்கியல் ஆணையம். துணைக்குழு ஆய்ந்து, முன்மொழிந்து, வாக்கெடுத்து, மேல் அமைப்புக்கு அனுப்பும். அங்கே ஒப்புதல் கிடைத்தால்தான் கோடு உறுதியாகும்.

கூடுமானவரை ஒவ்வொரு எல்லைக்கும் உலகில் ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த இடத்தின் பாறை அடுக்கில் 'இந்த மட்டத்திலிருந்து புதிய காலம்' என்று குறிக்கப்படும் புள்ளியைத் தங்க ஆணி என்பார்கள். சில இடங்களில் உண்மையாகவே ஓர் உலோகக் குமிழைப் பதித்தும் வைத்திருக்கிறார்கள். வேறெங்கோ ஒரு படிவைக் கண்டெடுத்தவர், அது எந்தக் காலத்தது என்று சொல்ல வேண்டுமானால், இறுதியில் இந்த முத்திரை இடத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

மிகப் பழைய பேரூழிகளில் இது எளிதல்ல. அங்கே தொல்லுயிர் எச்சங்கள் மிகக் குறைவு. பாறைகளும் பலமுறை உருமாறியவை. ஆகவே அங்கே பல எல்லைகளை 250 கோடி, 160 கோடி என்று முழு எண்ணாக வைத்திருக்கிறார்கள்.

பாறையின் வயது எப்படித் தெரிகிறது?

முதலில் வரிசை தெரிந்தது. வயது நெடுங்காலம் கழித்தே தெரிந்தது. டென்மார்க்கில் பிறந்த நிக்கோலஸ் ஸ்டெனோ 1669-இல் எழுதிய அடிப்படை விதி எளியது: கலைக்கப்படாத படிவுகளில் கீழே இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது. ஸ்காட்லாந்தின் சிக்கார் முனையில் 1788-இல் ஜேம்ஸ் ஹட்டன், செங்குத்தாக நிற்கும் பழைய அடுக்குகளின் தலைமேல் இளைய அடுக்குகள் கிடையாகப் படிந்திருப்பதைக் கண்டார். பழைய அடுக்கு படிந்து, கெட்டியாகி, நிமிர்ந்து, அரிக்கப்பட்டு, அதன்மேல் மறுபடியும் படிவு சேர எவ்வளவு காலம் ஆகியிருக்கும்? சில ஆயிரம் ஆண்டுகள் போதவே போதா என்று அங்கே புலப்பட்டது. இங்கிலாந்தில் கால்வாய் தோண்டும் பணியில் அளவையாளராக இருந்த வில்லியம் ஸ்மித், ஒவ்வொரு அடுக்கிலும் அதற்கே உரிய எச்சங்கள் இருப்பதைக் கவனித்து, 1815-இல் தம் புகழ்பெற்ற நிலவியல் வரைபடத்தை வெளியிட்டார்.

கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் ஆண்டுக் கணக்கு வந்தது. யுரேனியம்-238-இல் பாதி அளவு ஈயமாக மாற 447 கோடி ஆண்டுகள் ஆகும். இந்த வேகம் வெப்பத்தாலோ அழுத்தத்தாலோ மாறாது. ஆகவே சிர்க்கான் என்ற கனிமத்தின் ஒரு மணியில் இருக்கும் யுரேனியத்தையும் ஈயத்தையும் அளந்தால் அது உருவான காலம் தெரியும். விண்கற்களின் ஈயத்தை அளந்து பூமியின் வயதை 455 கோடி ஆண்டுகள் என்று 1956-இல் வெளியிட்டவர் கிளேர் பாட்டர்சன். இன்றைய மதிப்பு அதிலிருந்து பெரிதாக நகரவில்லை.

குவாட்டர்னரிக்கு வேறு கருவிகள் தேவை. கரிமம்-14 முறை ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் வரைதான் உதவும். அதன் அரைவாழ்வு, அதாவது பாதி அளவு சிதைய ஆகும் காலம், 5,730 ஆண்டுகள். அதற்கு முந்தையவற்றுக்கு, மணல் மணி கடைசியாக எப்போது வெயிலைக் கண்டது என்று சொல்லும் ஒளிர்வு முறை, குகைப் படிவுகளுக்கான யுரேனியம்–தோரியம் முறை, காந்தத் திசை மாற்றங்கள் ஆகியவை இருக்கின்றன.

'இன்றைக்கு இத்தனை ஆண்டுகளுக்கு முன்' என்கிறார்களே, எந்த 'இன்று'?

கரிமம்-14 கணக்கில் 'இன்று' என்பது 1950. கிரீன்லாந்து பனித்தண்டுகளை (பனிப்பாளத்தைத் துளைத்தெடுத்த நீண்ட உருளைகளை) வைத்து எழுதுவோர் 2000-ஆம் ஆண்டிலிருந்து எண்ணுகிறார்கள். லட்சக்கணக்கில் பேசும்போது இந்த 50 ஆண்டு வேறுபாடு பொருட்டல்ல. ஹோலோசீனுக்குள் நுழைந்தபின் பொருட்படுத்த வேண்டும்.

நாம் இப்போது எந்தக் காலத்தில் இருக்கிறோம்?

முழு முகவரி இது: ஃபனரோசோயிக் பேரூழி, சீனோசோயிக் ஊழி, குவாட்டர்னரி காலம், ஹோலோசீன் உட்காலம், மேகாலயன் நிலை.

குவாட்டர்னரிக்குள் இரண்டே உட்காலங்கள். 25.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பிருந்து 11,700 ஆண்டுகளுக்கு முன்பு வரை ப்ளைஸ்டோசீன். அதன் பிறகு ஹோலோசீன். ப்ளைஸ்டோசீன் என்ற பெயரை 1839-இல் சார்லஸ் லையல் வைத்தார். குவாட்டர்னரி என்ற சொல்லை 1829-இல் பிரான்சின் சேன் ஆற்றுப் படுகைப் படிவுகளுக்குப் பயன்படுத்தியவர் ஜூல் தெநுவாயே.

குவாட்டர்னரியின் தொடக்கம் 18 லட்சம் ஆண்டுகளா, 25.8 லட்சம் ஆண்டுகளா? புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறதே?

2009-க்கு முன் அச்சான புத்தகம் என்றால் 18 லட்சம் என்றிருக்கும். இப்போது சரியான விடை 25.8 லட்சம். மாற்றத்தின் பின்னணி தெரிந்தால் இரண்டு எண்களும் குழம்பா.

1948-இல் லண்டனில் கூடிய பன்னாட்டு நிலவியல் மாநாடு, இத்தாலியின் கடற்படிவுகளில் குளிர்நீர் உயிரினங்கள் தலைகாட்டும் மட்டத்தை ப்ளைஸ்டோசீனின் தொடக்கமாக வைக்கலாம் என்று முடிவு செய்தது. அதன்படி 1985-இல் தெற்கு இத்தாலியின் கலாப்ரியாவில் உள்ள விரிக்கா என்ற இடத்தில் எல்லை குறிக்கப்பட்டது. அதன் வயது சுமார் 18 லட்சம் ஆண்டுகள்.

ஆனால் உலகின் பிற இடங்களில் சான்றுகள் வேறு கதை சொல்லின. வட அட்லாண்டிக் கடலடிச் சேற்றில் பனிமலைகள் கொண்டுவந்து போட்ட கற்துகள்கள் அதற்கு வெகுகாலம் முன்பே தென்படுகின்றன. சீனாவின் தூசுமண் மேட்டுநிலத்தில் காற்று கொண்டுவந்த தூசு ஏறத்தாழ 26 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே தடித்த படிவாகக் குவியத் தொடங்கியிருந்தது. பூமியின் காந்தப்புலம் தலைகீழாகப் புரண்ட ஒரு தெளிவான தடமும் அதே சமயத்தில் இருக்கிறது. குளிர்ந்த உலகின் உண்மையான வாசல் இங்கே இருக்க, எல்லைக்கோட்டை எட்டு லட்சம் ஆண்டுகள் தள்ளிப் போடுவது ஏன் என்று குவாட்டர்னரி ஆய்வாளர்கள் கேட்டார்கள்.

இதற்கிடையே 2004-இல் வெளியான ஒரு முக்கியமான அட்டவணையில் குவாட்டர்னரி என்ற காலமே முறையான பிரிவாக இடம்பெறவில்லை. நியோஜீன் இன்றுவரை நீள்கிறது என்றார்கள். 1928 முதல் இந்தக் காலத்தை ஆய்ந்துவரும் பன்னாட்டு குவாட்டர்னரி ஆய்வு ஒன்றியம் அதைக் கடுமையாக எதிர்த்தது. ஐந்தாண்டு வாதத்துக்குப் பின் 2009-இல் முடிவு வந்தது: குவாட்டர்னரி தனிக் காலமாகவே இருக்கும், அதன் எல்லை சிசிலித் தீவில் ஜேலா நகருக்கு அருகே உள்ள மோன்டே சான் நிக்கோலா குன்றில், கருத்த சேற்றுப் படிவு ஒன்றின் மேல்மட்டத்தில், 25.8 லட்சம் ஆண்டுகளில் இருக்கும்.

முடிவு சரியானது என்பதே என் கருத்து. ஓர் எல்லை உலகெங்கும் அடையாளம் காணத்தக்கதாக இருக்க வேண்டும். ஒரு கடலின் ஓரத்தில் மட்டும் தெரியும் மாற்றம் அதற்குப் போதாது.

ப்ளைஸ்டோசீனின் உட்பிரிவுகள்?

ஜெலாசியன், கலாப்ரியன், சிபானியன், அதன்பின் மேல் ப்ளைஸ்டோசீன். ஜப்பானின் சிபா மாநிலத்தில் யோரோ ஆற்றங்கரையில் 7,74,000 ஆண்டுகளுக்கு முந்தைய காந்தப் புரட்டு பதிவாகியிருக்கிறது. அந்த இடத்தின் பெயரால் 2020 ஜனவரியில் சிபானியன் ஒப்புதல் பெற்றது. அதன் முடிவு 1,29,000 ஆண்டுகளுக்கு முன், இப்போதைய வெப்ப இடைவேளைக்கு (பனி தேய்ந்திருக்கும் கட்டத்துக்கு) முந்தைய இடைவேளை தொடங்கிய தருணம்.

குவாட்டர்னரியைப் பனிக்காலம் என்கிறார்கள். பனி ஏன் வந்து வந்து போனது?

அன்டார்க்டிகாவில் பனி 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன்பே படர்ந்துவிட்டது. குவாட்டர்னரியில் புதியது, வட அரைக்கோளத்திலும் பெரும் பனிப்பாளங்கள் வளர்வதும் தேய்வதும்தான். காற்றில் கரியமில வாயு குறைந்து பூமி மெல்லக் குளிர்ந்துவந்தது. ஒரு கட்டத்துக்குப் பின் சிறு தூண்டுதல்கூடப் பனியை வளர்க்கப் போதுமானதாகிவிட்டது.

அந்தத் தூண்டுதல் பூமியின் சுற்றுப்பாதையிலிருந்து வருகிறது. இதை முதலில் தீவிரமாக எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர் ஜேம்ஸ் குரோல். கிளாஸ்கோவில் ஒரு கல்வி நிறுவனத்தில் காவலாளாக வேலை பார்த்துக்கொண்டே அதன் நூலகத்தில் தாமாகப் படித்துக் கணித்தவர். பிறகு செர்பியப் பொறியாளர் மிலுட்டின் மிலன்கோவிச் பல பத்தாண்டுகள் கையால் கணக்குப் போட்டார். முதல் உலகப் போரில் ஆஸ்திரிய–ஹங்கேரி அரசு அவரைக் காவலில் வைத்தபோதும் கணக்கு நிற்கவில்லை.

மூன்று அசைவுகள். சுற்றுப்பாதை நீள்வட்டமாகவும் ஏறக்குறைய வட்டமாகவும் மாறிமாறி வருவது சுமார் 1,00,000 ஆண்டுகளில். அச்சின் சாய்வு கூடிக் குறைவது 41,000 ஆண்டுகளில். அச்சு தள்ளாடுவதால் எந்தப் பருவத்தில் பூமி சூரியனுக்கு அருகே இருக்கிறது என்பது மாறுவது ஏறத்தாழ 23,000 ஆண்டுகளில். ஆண்டு முழுதும் கிடைக்கும் வெயிலின் மொத்த அளவு இவற்றால் பெரிதாக மாறாது. மாறுவது, எந்தப் பருவத்தில் எந்த அட்சரேகையில் எவ்வளவு வெயில் என்பது. வடக்கே கோடை குளிர்ச்சியாக இருந்தால் முந்தைய குளிர்காலப் பனி முழுதும் உருகாது. மிச்சத்தின் மேல் அடுத்த ஆண்டுப் பனி சேரும். வெள்ளைப் பரப்பு வெயிலைத் திருப்பி அனுப்பும், இன்னும் குளிரும். கடுமையான குளிர்காலம்தான் பனிக்காலத்தைக் கொண்டுவரும் என்று பலரும் நினைக்கிறார்கள். முடிவு செய்வது கோடைதான்.

மிலன்கோவிச் 1958-இல் மறைந்தார். ஆழ்கடல் சேற்றிலுள்ள நுண்ணுயிர் ஓடுகளில் ஆக்சிஜன் ஓரிடத்தான்களை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை) அளந்து, அவர் சொன்ன அதே கால இடைவெளிகள் அங்கே பதிவாகியிருப்பதை ஹேஸ், இம்ப்ரி, ஷாக்கிள்டன் மூவரும் 1976-இல் காட்டினார்கள்.

தீராத புதிர் ஒன்றும் உண்டு. குவாட்டர்னரியின் முற்பகுதியில் பனி 41,000 ஆண்டுத் தாளத்தில் வந்துபோனது. ஏறத்தாழ 12 லட்சம் முதல் 7 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பான இடைவெளியில் அது 1,00,000 ஆண்டுத் தாளத்துக்கு மாறியது, பனிப்பாளங்களும் பெரிதாயின. ஏன் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த முடிவு இன்னும் இல்லை.

பனிக்காலம் முடிந்துவிட்டதல்லவா?

இல்லை. கிரீன்லாந்திலும் அன்டார்க்டிகாவிலும் பனிப்பாளங்கள் இருக்கும்வரை நிலவியல் கணக்கில் நாம் பனிக்காலத்துக்குள்தான் இருக்கிறோம். ஹோலோசீன் அதற்குள் வரும் ஒரு வெப்ப இடைவேளை. இப்படிப்பட்ட இடைவேளைகள் இதற்கு முன்பும் பலமுறை வந்து போயிருக்கின்றன. மனிதர்கள் விதைக்கவும் ஊர் அமைக்கவும் தொடங்கியது இந்த இடைவேளையில்.

அடுத்த குளிர்க்கட்டம் நெருங்கிவிட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். அன்டார்க்டிகப் பனித்தண்டுகளின்படி கடந்த 8,00,000 ஆண்டுகளில் கரியமில வாயு ஏறக்குறைய 180 முதல் 300 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரையிலான எல்லைக்குள்ளேயே ஏறி இறங்கியது. இப்போது அது 420-ஐத் தாண்டிவிட்டது. இந்த அளவில் பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் புதிய பனிப்பாளங்கள் வளர வாய்ப்பில்லை.

தமிழ்நாட்டில் பனி மூடியிருந்ததா? இல்லையென்றால் இந்தக் காலத்துக்கும் நமக்கும் என்ன தொடர்பு?

பனி மூடவில்லை. ஆனால் குவாட்டர்னரி நம் நிலத்தை வேறு இரண்டு கைகளால் மாற்றியது: கடல்மட்டம், பருவமழை.

ஏறத்தாழ 21,000 ஆண்டுகளுக்கு முன் பனி உச்சத்தில் இருந்தபோது பெருமளவு கடல்நீர் வடக்கே பனியாக நிலத்தில் நின்றது. உலகெங்கும் கடல்மட்டம் இன்றையதைவிட 120 மீட்டருக்கும் மேல் கீழே இருந்தது. பாக் நீரிணையோ மிக ஆழமற்றது. பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைவு. அப்போது தமிழ்நாடும் இலங்கையும் ஒரே நிலப்பரப்பு. வேதாரண்யத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே நடந்தே போயிருக்கலாம். பனி உருகக் கடல் ஏறியது. ஹோலோசீனின் முற்பகுதியில் இலங்கை தீவானது. பழவேற்காடு ஏரி, வேதாரண்யத்தின் மணல்மேட்டு வரிசைகள், காவிரிப் படுகையின் மேல்மண் எல்லாம் இந்தக் காலத்தின் ஆக்கங்கள். டெல்டா விவசாயி உழுவது குவாட்டர்னரியை.

பருவமழைக்கு நீலகிரியில் சாட்சி இருக்கிறது. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவின் சதுப்பில், மட்காத தாவர மிச்சங்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக அடுக்கடுக்காகச் சேர்ந்திருக்கின்றன. வறட்சியைத் தாங்கும் புற்களும், ஈரத்தை விரும்பும் செடிகளும் மரங்களும் கரிமத்தின் ஓரிடத்தான்களை வேறுவேறு விகிதத்தில் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே சதுப்புமண்ணை அளந்தால் எந்த ஆயிரம் ஆண்டில் எந்த வகை ஓங்கியிருந்தது என்று சொல்லலாம். பனி உச்சக் காலத்தில் மழை குன்றி வறட்சிப் புற்கள் ஓங்கியிருந்ததையும், பின்னர் ஹோலோசீன் தொடக்கத்தை ஒட்டிப் பருவமழை வலுத்ததையும் காட்டும் ஆய்வை ஆர். சுகுமார் குழுவினர் 1993-இல் வெளியிட்டார்கள். வடக்கே பனி வளர்ந்தபோது நமக்குக் குறைந்தது மழை.

தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துத் தேரிகளும் இந்தக் காலத்தவையே. காற்று குவித்த மணல், இரும்பு ஆக்சைடு பூசிச் சிவந்திருக்கிறது. சாயர்புரம், குதிரைமொழி போன்ற இடங்களில் தேரி மண்ணோடு நுண்கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. தேரியைப் பயனற்ற பொட்டல் என்று நினைத்து மண் அள்ளுவோர், திரும்பப் பெற முடியாத ஒரு பதிவை அள்ளிக்கொண்டு போகிறார்கள்.

அப்படியானால் குமரிக்கண்டம் உண்மைதானா?

இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கடல் ஏறிக் கரையோர நிலம் மூழ்கியது உறுதியான உண்மை. குமரிமுனைக்குத் தெற்கே மீனவர்கள் நன்கு அறிந்த வாட்ஜ் கரை இருக்கிறது. ஆழம் குறைந்த அந்தக் கடலடியின் கணிசமான பகுதி பனி உச்சக் காலத்தில் வெளியே தெரிந்த நிலமாக இருந்திருக்கும். கரையோரத்தில் வாழ்ந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பின்வாங்கியிருப்பார்கள்.

ஆனால் மடகாஸ்கர் வரை நீண்ட ஒரு கண்டம் மூழ்கியது என்பதற்குச் சான்று இல்லை. குரங்கையொத்த லெமூர் விலங்கினங்களின் பரவலை விளக்க விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர் 1864-இல் லெமூரியா என்ற மூழ்கிய கண்டக் கருத்தை முன்வைத்தார். நிலத்தட்டுகள் நகர்கின்றன என்று தெரியாத காலத்தில் அது நியாயமான ஊகம். இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன என்று இன்று தெரியும். அப்போது மனிதர் இல்லை, டைனோசர்கள்கூட அழிந்திருக்கவில்லை. இந்தியப் பெருங்கடலின் ஆழ்தளம் கடலடியில் பிறந்த எரிமலைப் பாறை. அங்கே ஒரு கண்டம் அமிழ்ந்து கிடக்கவில்லை. மூழ்கிய கரையோரங்களின் உண்மை வரலாறே தேடத்தக்கதாக நம்முன் இருக்கிறது. அதைக் கடலடி அகழாய்வுக்கு உரிய பொறுமையோடு தேடுவதே தமிழுக்குச் செய்யும் நன்மை.

பல்லாவரம் ஏன் இந்தப் பாடத்தில் வருகிறது?

கால அட்டவணையின் இரண்டு முனைகள் ஒரே ஊரில் சந்திப்பதால். பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளின் கருநிறப் பாறை சார்னோக்கைட். கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல்லும் இதே வகைப் பாறை என்பதால் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அவர் பெயரையே பாறைக்கு வைத்தார். அதன் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். ஆர்க்கியன் முடிந்து புரோட்டெரோசோயிக் தொடங்கும் சமயம்.

அந்தப் பாறைப் பகுதியின் மேல் கிடக்கும் செம்புறைச் சரளையில், 1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட் மனிதன் செதுக்கிய கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழங்கற்கால ஆய்வு அங்கே தொடங்கியது. கீழே 250 கோடி ஆண்டுப் பாறை, மேலே குவாட்டர்னரிச் சரளை. இடையே நடந்த எதற்கும் அங்கே படிவு இல்லை. வந்திருந்தாலும் அரித்துப் போய்விட்டது. எந்த ஓர் ஊரிலும் அட்டவணை முழுதாகக் கிடைக்காது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. இடைவெளியின் ஒரு துண்டு அரியலூரில் இருக்கிறது: கிரெட்டேஷியஸ் கடலின் அம்மோனைட்டுகள். இன்னொரு துண்டு, அதைவிட மிக இளையது, திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தைக் கண்டறிந்தார்கள். அங்கே சாந்தி பப்பு குழுவினர் நீண்டகாலம் அகழாய்வு செய்து, கைக்கோடரிகள் கிடைக்கும் கீழடுக்கின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் அறிவித்தார்கள். மேலடுக்கில் வேறு நுட்பத்தில் செய்த சிறு கருவிகள் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்குவதாக 2018-இல் வெளியிட்டார்கள். நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸின் மிகப் பழைய எச்சங்கள் மொராக்கோவில் ஏறத்தாழ 3,00,000 ஆண்டுப் பழமையானவை. ஆக, அத்திரம்பாக்கத்தில் முதலில் கல் செதுக்கியவர்கள் நமக்கு முந்தைய மனித இனத்தவர்.

இலங்கையின் ஃபாகியன் குகையில் ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முந்தைய நுண்கற்கருவிகளும் எலும்பு அம்புமுனைகளும் கிடைத்திருக்கின்றன. மழைக்காட்டில் வாழக் கற்றுக்கொண்ட மனிதர்களின் சான்று அது.

டோபா எரிமலை வெடித்ததில் இந்தியாவில் மனிதர்கள் அழிந்தார்களா?

சுமத்ராவின் டோபா சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தது. குவாட்டர்னரியின் மாபெரும் வெடிப்புகளில் ஒன்று. அதன் சாம்பல் ஆந்திரத்தின் கர்நூல் பகுதியில் ஜ்வாலாபுரத்தில் தடித்த அடுக்காகக் கிடக்கிறது. சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் ஒத்த வகைக் கற்கருவிகள் இருப்பதால், மக்கள் முற்றாக அழிந்தார்கள் என்ற கூற்று அங்கே நிற்கவில்லை.

ஹோலோசீனின் தொடக்கத்தை எங்கே குறித்திருக்கிறார்கள்?

பாறையில் இல்லை, பனியில். கிரீன்லாந்தின் நடுவே துளைத்தெடுத்த நார்த்கிரிப் பனித்தண்டில் 1,492.45 மீட்டர் ஆழத்தில், 2000-ஆம் ஆண்டிலிருந்து பின்னோக்கி 11,700 ஆண்டுகளில். யங்கர் டிரையாஸ் என்ற கடைசிக் கடுங்குளிர் அங்கே சில பத்தாண்டுகளுக்குள் முடிந்து வெப்பம் ஏறியது. அந்தப் பனித்தண்டு கோபன்ஹேகனில் உறைகுளிரில் பாதுகாக்கப்படுகிறது.

மேகாலயன் என்பது நம் மேகாலயாவா?

ஆம். 2018-இல் ஹோலோசீனை கிரீன்லாந்தியன், நார்த்கிரிப்பியன், மேகாலயன் என மூன்று நிலைகளாகப் பிரித்தார்கள். முதலிரண்டும் கிரீன்லாந்துப் பனியில் குறிக்கப்பட்டவை. மூன்றாவது, சிரபுஞ்சிக்கு அருகே மவ்ம்லு குகையில் சொட்டுச் சொட்டாக வளர்ந்த ஒரு சுண்ணாம்புக் கல்புற்றில். மழை மாறும்போது சொட்டும் நீரின் ஆக்சிஜன் விகிதம் மாறும். கல் அதைப் பதிந்துவைக்கும். ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை குன்றியதை அது காட்டுகிறது. உலகின் பல பகுதிகளில் அதே சமயம் வறட்சி வந்தது.

சிந்துவெளி நகரங்கள் தளர்ந்ததும் இதனால்தானா என்று உடனே கேட்பார்கள். காலம் நெருங்கி வருகிறது; ஆனால் நகரங்கள் ஒரே நாளில் சாயவில்லை, மக்கள் மெல்லக் கலைந்து வேறிடம் பெயர்ந்தார்கள். வறட்சி ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஒரே காரணம் என்று எழுதுவது அவசரம்.

இன்னொரு தகவல்: மேகாலயன் நிலை தொடங்கியபோதும் ஆர்க்டிக்கின் விராங்கல் தீவில் மாமூத் யானைகள் உயிரோடு இருந்தன. எகிப்தின் பெரிய பிரமிடு அதற்கு முன்பே எழும்பிவிட்டது.

ஆந்த்ரோபோசீன் என்ற புதிய காலம் தொடங்கிவிட்டதா?

முறையான அட்டவணையில் இல்லை. மனிதர்கள் பூமியை மாற்றிவிட்டதால் புதிய பெயர் வேண்டும் என்று வேதியியலாளர் பால் கிருட்சன் 2000-இல் வலியுறுத்தினார். 2009-இல் அமைந்த ஆய்வுக்குழு, கனடாவின் ஒன்டாரியோவில் உள்ள கிராஃபோர்ட் ஏரியின் அடிச்சேற்றை 2023-இல் முத்திரை இடமாக முன்மொழிந்தது. 1950-களின் அணுகுண்டுச் சோதனைகள் உதிர்த்த புளூட்டோனியம் அங்கே ஆண்டு ஆண்டாகப் படிந்திருக்கிறது. 2024 மார்ச்சில் குவாட்டர்னரி துணைக்குழு அதை 12–4 என்ற வாக்கில் நிராகரித்தது. மேல் அமைப்பும் அம்முடிவை ஏற்றது.

இதைக் கேட்டு, மனிதத் தாக்கமே இல்லை என்று விஞ்ஞானிகள் சொல்லிவிட்டதாகச் சிலர் பரப்பினார்கள். அது தவறு. எதிர்த்து வாக்களித்தவர்களில் யாரும் தாக்கத்தை மறுக்கவில்லை. காட்டை எரித்தது, நெல் விளைவித்தது, கடல் கடந்து உயிரினங்களைக் கொண்டுபோனது எல்லாம் வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு நூற்றாண்டில் தொடங்கியிருக்க, ஒரே ஆண்டில் ஒரு கோடு போட்டு உட்காலமாக அறிவிக்க முடியுமா என்பதே கேள்வி. கோடு போட மறுத்தது சரி என்று நினைக்கிறேன். அதே வேளையில் அந்தச் சொல் பொதுப்பேச்சில் தொடர வேண்டும் என்றும் விரும்புகிறேன். ஒரு நிகழ்வாக அதைப் படிக்க அட்டவணையின் அனுமதி தேவையில்லை.

நேரில் எங்கே பார்க்கலாம்?

அரியலூர் மாவட்டத்தின் தொல்லுயிர்ப் படிவங்கள், திருவக்கரை கல்மரப் பூங்கா, பரங்கிமலையின் சார்னோக்கைட் ஆகியவை எளிதில் போய்ப் பார்க்கத்தக்கவை. ஃபூட் சேர்த்த கற்கருவிகளைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1904-இல் வாங்கியது, எழும்பூரில் இருக்கிறது. மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எங்கும் எதையும் எடுத்துவர விடாதீர்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெரியாமல் போன கருவி, தன் வயதையும் இழந்துவிடுகிறது. படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், புதிதாக எதையாவது கண்டால் மாநிலத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.